ராக்காயியின் மண்கல் வீடு

வெள்ளைமடுக் குடியேற்றத்தின் வீட்டுப் பட்டியலில் இருபத்தேழு குடும்பங்களின் பெயர்கள் இருந்தன. 1979ஆம் ஆண்டு ஆனி மாதம் அதை நான்தான் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இரண்டு கட்டங்கள். முதலாவதில் விரல் அடையாளம் வைத்தால், ஆயத்தமாக வந்திறங்கும் பெட்டி வீடு. இரண்டாவதில் வைத்தால் கூரைத் தகடும் மரமும் மட்டும் கிடைக்கும்; சுவரை அவர்களே எழுப்பிக்கொள்ள வேண்டும். இருபத்தாறு பேர் முதலாவது கட்டத்தில் வைத்தார்கள். இரண்டாவது கட்டத்தில் ராக்காயியின் விரல் மட்டும் இருந்தது. அதுவும் இரண்டு தடவை பதிந்திருந்தது. முதல் தடவை மை சரியாகப் படவில்லை என்று தானே மறுபடியும் அழுத்தி வைத்தார்.

பதினாறு வருடம் கழித்து, இந்த மாசி மாதம் அவர் காலமானார். ஐம்பத்திரண்டு வயது. ஐந்து நாள் காய்ச்சல். அவரை அறிந்தவர்கள் அவரை அந்த வீட்டோடு சேர்த்தே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஆகவே வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

1977 கலவரத்தின் பின் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவர் வன்னிக்கு வந்தார். கணவர் மாயாண்டி, மகள் மீனம்மா, இரண்டு சாக்கு, ஒரு அம்மி. அம்மியை ஏன் தூக்கி வந்தார் என்று கேட்டால், “அது மட்டுந்தான் எங்க சொந்தம், மிச்சமெல்லாம் தோட்டத்துது” என்பார். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு அகதிகளைக் குடியேற்றும் ஒரு சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிழமைக்கு இரண்டு நாள் வெள்ளைமடுவுக்குப் போவேன். காடு வெட்டித் துப்புரவாக்கிய காணியில் குடும்பத்துக்குக் கால் ஏக்கர் வளவு, குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயல். முதல் இரண்டு வருடமும் எல்லோரும் இலுக்குப் புல் வேய்ந்த கொட்டில்களில் இருந்தார்கள். மழைக்கு ஒழுகும். வெயிலுக்குப் பூச்சி விழும்.

அப்போதுதான் வெளிநாட்டு உதவியில் பெட்டி வீடு வந்தது. வீடு முழுவதும் மரப்பெட்டிகளில் அடுக்கி லொறியில் வந்ததால் சனங்கள் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், சீமெந்தும் மரத்தூளும் சேர்த்து அழுத்திய சுவர்த் தகடு, எல்லாவற்றையும் இணைக்கத் திருகாணியும் சுரையும். கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் களஞ்சியத்துக்கு முன்னால் மாதிரிக்கு ஒன்றைப் பூட்டிக் காட்டினார்கள். ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. வெள்ளை நிறம். இரண்டு பக்கமும் யன்னல். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

“தொரை பங்களா குட்டி போட்டாப்புல இருக்கு” என்றார் அழகம்மா. ராக்காயியின் பக்கத்து வளவுக்காரி. ஒரே தோட்டத்திலிருந்து ஒரே லொறியில் வந்தவர்கள்.

ராக்காயி உள்ளே போய்ச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு கூரையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“சார், இதுல தொட்டில் எங்க கட்டுறது?”

மீனம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். மருமகன் ஆண்டியப்பன் வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவான். பிள்ளை ஐப்பசி நடுவில் பிறக்கும் என்று கணக்கு.

நான் கொழும்பு ஆட்களிடம் கேட்டேன். குழாய் கூரைப் பாரத்தை மட்டும் தாங்கும், வேறெதுவும் தொங்கவிடக் கூடாது என்றார்கள். ராக்காயி அடுத்தடுத்துக் கேட்டார். சுவரில் ஆணி அடிக்கலாமா? கூடாது, தகடு வெடிக்கும். உள்ளே அடுப்பு வைக்கலாமா? கூடாது. பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கலாமா? பத்து வருடத்துக்கு வீடு சங்கத்தின் பேரில் இருக்கும், அதுவரை எதையும் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதையும் வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இது யாரு வூடு?”

“உங்கட வீடுதான். பத்து வருசத்துக்குப் பிறகு முழுக்க உங்கட பேருக்கு வரும்.”

“தோட்டத்துல பத்து வருசம்னு சொல்லல. வித்தியாசம் அவ்வளவுதான்” என்றார்.

தோட்டத்து லயத்தில் அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே காம்பராவில் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. மீனம்மா பிறந்தபோது தொட்டில் கட்டக் கூரை மரத்தில் ஒரு கொக்கி அடித்தார் மாயாண்டி. கேட்காமல் அடித்ததற்காகக் கணக்கப்பிள்ளை வந்து பிடுங்கிக்கொண்டு போனார். பிறகு கேட்டுவிட்டு அடித்தார்கள். கேட்ட மறுநாளே அனுமதி கிடைத்தது. அந்தக் கணக்கப்பிள்ளை கெட்டவர் அல்ல என்று ராக்காயியே என்னிடம் சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியிருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மாயாண்டிக்குப் பெட்டி வீடுதான் வேண்டும். அவர் பேசியதில் நியாயம் இருந்தது. இருபத்தைந்து வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய முதுகு அவருடையது. சங்கம் இன்னொரு நிபந்தனையும் வைத்திருந்தது. மண்வீடு கட்டுகிறவர்களின் சுவர்கள் புரட்டாதி முடிவதற்குள் கூரையைத் தாங்கும் வளைமரம் வைக்கும் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அவர்களுக்கு ஒதுக்கிய தகடும் மரமும் வேறு குடியேற்றத்துக்குப் போய்விடும். பெட்டி வீடும் இல்லை, கூரையும் இல்லை என்ற நிலை வரும். மழையும் பிள்ளையும் வருவதோ ஐப்பசியில்.

பட்டியலோடு நான் அவர்களுடைய கொட்டிலுக்குப் போன அன்று சண்டை உச்சத்தில் இருந்தது.

“ரெண்டு நாள்ல வூடு குடுக்குறாங்க. ஒனக்கு மண்ணு மிதிக்கணும். மிதி” என்றார் மாயாண்டி.

“மிதிக்கிறேன்.”

“மழ வந்துட்டா? புள்ள பெத்தவள எங்க படுக்க வைப்ப? ஒன் தலையிலயா?”

“உங்க தலையில வைக்கிறேன். அங்கதான் எடம் காலியா கெடக்கு.”

மீனம்மா முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மாயாண்டி என்னைப் பார்த்தார். “சார், நீங்களாவது சொல்லுங்க. நீங்க படிச்சவுங்க.”

நானும் சொன்னேன். பெட்டி வீடு பாதுகாப்பானது, பிள்ளை பிறக்கப்போகிறது, இந்த வருடம் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்போது அதுதான் சரியென்று நம்பினேன். இப்போது கேட்டாலும் அந்த வருடத்துக்கு அதுதான் சரியான யோசனை என்பேன்.

ராக்காயி பொறுமையாகக் கேட்டார். “சார், நீங்க ஒங்க வூட்டுல ஆணி அடிக்க யாருகிட்ட கேப்பீங்க?”

“யாரிட்டையும் கேக்க மாட்டன்.”

“எனக்கும் அது போதும்” என்று மைப்பெட்டியை இழுத்துக்கொண்டார்.

மண்கல் அரிய, அதாவது குழைத்த மண்ணை அச்சில் அழுத்திச் சுடாத கல்லாக எடுக்க, அவருக்குத் தெரியாது. மலையில் மண்ணால் வீடு கட்டும் வேலை அவர்களுக்கு இருந்ததில்லை. அதைக் காட்டிக்கொடுத்தவர் அப்புத்துரை. யாழ்ப்பாணத்திலிருந்து ஐம்பதுகளில் குளத்துத் திட்டத்தில் காணி பெற்று வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் செய்தவர். ராக்காயியும் மாயாண்டியும் அவருடைய வயலில் களை பிடுங்கப் போவதுண்டு. ராக்காயி அவரிடம் போய், கல் அரியக் காட்டித் தந்து வாசல் நிலையும் செய்து தந்தால், மாசியில் நெல் அருவி வெட்டுக்குத் தாங்கள் இரண்டு பேரும் வருவதாகப் பேசிக்கொண்டு வந்தார்.

“மண்ணை ஆர் தெரிஞ்செடுத்தது?” என்று அப்புத்துரை கேட்டது முதல் நாளே. ராக்காயி குளத்தங்கரைக் களியைக் குவித்து வைத்திருந்தார். “உது காயேக்கை வெடிக்கும், பிள்ளை. புத்துமண் எடு. கொஞ்சம் மணல், கொஞ்சம் இலுக்கு வெட்டிப் போடு. மிதி. மாவு குழைக்கிற பதம் வரவேணும்.”

“சரிங்க ஐயா.”

“என்னை ஐயா எண்டாதை. அண்ணை எண்டு சொல்லு.”

“சரிங்க அண்ணைங்க” என்றார் ராக்காயி. அப்புத்துரை அதற்கு மேல் திருத்த முயலவில்லை.

ஆடியிலும் ஆவணியிலும் சோளகக் காற்று சுழன்றடித்தது. குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் இருக்கும்போதே கல்லை அரிந்துவிட வேண்டும். ராக்காயி விடிய எழுந்து மண் மிதித்தார். காலையில் நாற்பது கல், பிறகு வயல் வேலை, மாலையில் மறுபடியும் இருபது. மாயாண்டி முதல் கிழமை எட்டியும் பார்க்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆனால் காயவைத்த கல் வரிசை வளைந்து வளைந்து போனது. கவ்வாத்துக் கத்தி பிடித்தவரின் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் எழுந்து போய் ஒரு வரிசையை நேராக்கினார். மறுநாள் இரண்டு வரிசை. மூன்றாம் நாள் அச்சு அவருடைய கையில் இருந்தது.

“வேணாம்னாரு” என்று ராக்காயி மகளிடம் உரக்கச் சொன்னார்.

“வூட்டுக்கா வந்தேன்? இந்தக் கோணல் எனக்குக் கண்ணு வலிக்குது” என்றார் மாயாண்டி.

சுற்றிவர இருபத்தாறு பெட்டி வீடுகளும் எழுந்துவிட்டன. அழகம்மா தன் புது வீட்டு வாசலில் நின்று, “ராக்காயி, ஒம் பேத்தி கண்ணாலத்துக்குள்ள செவுரு வந்துருமா?” என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

அத்திவாரத்துக்கு ராக்காயி தடியால் அளந்து முளை அடித்தார். பத்தடி, பன்னிரண்டடி. அப்புத்துரை அதைப் பார்த்துவிட்டு, “உதென்ன, ஆட்டுக்கொட்டிலோ?” என்றார். அந்த அளவுக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்று தனக்குத் தெரியும், அதற்கு மேல் போனால் எதை வைத்து நிரப்புவது என்று ராக்காயி சொன்னார். அப்புத்துரை தோளைக் குலுக்கிவிட்டு, நிலைக்குப் பாலை மரம் அறுக்கப் போய்விட்டார். பிறகு சாவகச்சேரியில் மகளுக்குச் சுகமில்லை என்று போனவர், மூன்று கிழமை கழித்துத்தான் வந்தார்.

அதற்குள் நாலு சுவரும் நெஞ்சளவு தாண்டிவிட்டன. புரட்டாதியில் இன்னும் ஒன்பது நாள்தான் மிச்சம். அன்று நானும் நின்றேன். அப்புத்துரை நிலையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தவர், வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முன்சுவரில் வாசலுக்கும் ஒரு யன்னலுக்கும் இடம் விட்டிருந்தார்கள். மற்ற மூன்று சுவரும் வெறும் சுவர்.

“பிள்ளை, பின்சுவருக்கு யன்னல் எங்கை?”

“பின்னாலயா?” ராக்காயிக்குக் கேள்வி விளங்கவில்லை. “பின்னால எப்புடிண்ணே யன்னல் வைக்கிறது? அவங்க வூட்டுக்குள்ள இல்ல தொறக்கும்?”

“ஆரின்ரை வீட்டுக்கை?”

ராக்காயி பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். 

லயங்களைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அவை முதுகுக்கு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. ஒரு காம்பராவின் பின்சுவருக்கு மறுபக்கம் இன்னொரு குடும்பத்தின் காம்பரா. பக்கச் சுவர்களும் அப்படியே. காற்றும் வெளிச்சமும் முன்பக்கத்தால் மட்டும் வரும். ராக்காயி பிறந்ததும் வளர்ந்ததும் பிள்ளை பெற்றதும் அத்தகைய மூன்று சுவர்களுக்கு நடுவில். பின்சுவர் என்றால் அதற்கு அப்பால் யாரோ இருமுவார்கள், யாரோ சட்டி கழுவுவார்கள். தன் கையால் மண் மிதித்து, தன் வளவின் நடுவில், நாலு பக்கமும் வெளி கிடக்க, அதே காம்பராவை அவர் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கல் வைத்த மாயாண்டிக்கும் அது தோன்றவில்லை. நானும் கிழமைக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கும் கண்ணில் படவில்லை.

ராக்காயி மெதுவாக நடந்து வீட்டின் பின்பக்கம் போனார்.  திரும்பி வந்து சொன்னார்:

“ஒரு மாடு நிக்குது.”

“மாடோ?”

“ஆமாண்ணே. அது மட்டுந்தான். அதுவும் என்னயப் பாத்துச்சு.”

முதலில் சிரித்தது மாயாண்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். “நூறு வருசமா அந்தப் பக்கம் ஆளு இருக்குன்னு நெனச்சோம், புள்ள” என்றார். ராக்காயி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீனம்மாவும் சிரித்தாள். அப்புத்துரைக்கு முழுதும் விளங்காவிட்டாலும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகு விஷயம் அப்படியே கிடந்தது. மீதிச் சுவருக்கு எண்ணி வைத்த கல்தான் இருந்தது. குளத்தில் சேறுதான் மிச்சம். பின்சுவரைத் திறந்தால் குறைந்தது மூன்று நாள் பிந்தும். பச்சைச் சுவர் சரிந்தால் இன்னும் பிந்தும். ஒன்பது நாளில் மட்டம் வராவிட்டால் கூரை போய்விடும்.

“இப்ப விட்டுரு. தகடு போட்டுட்டு மெதுவா ஒடைக்கலாம்” என்றார் மாயாண்டி.

அப்புத்துரை தலையை ஆட்டினார். “கூரைப் பாரம் ஏறினாப் பிறகு உந்தச் சுவரைத் தொடேலாது. தொட்டால் முட்டுக்கொடுத்துத்தான் தொடவேணும். பயமான வேலை. யன்னல் இல்லாமலும் இருக்கலாம் பிள்ளை, சாகமாட்டாய். ஆனால் இது மலை இல்லை. சித்திரை வெயிலுக்கை உள்ளை இருந்து பார்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தவணையை நீட்டும் அதிகாரம் எனக்கு இருக்கவில்லை. அதைச் சொன்னேன்.

மீனம்மா கூரையில்லாத அந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். அப்போதே அவளுடைய சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ராக்காயி மகளைப் பார்த்தார். பிறகு மாயாண்டியிடம் திரும்பி, “எங்க திறக்கணும்னு கோடு போடுங்க. நேரா போடுங்க” என்றார்.

“கூரை போயிருச்சுன்னா?”

“போனா போவட்டும். இலுக்குப் போட்டு வேய்வோம். செவுரு எனக்குப் புடிச்ச மாதிரி இருக்கணும். அதுக்குத்தானே இவ்வளவும்.”

மாயாண்டி கரித்துண்டால் கோடு போட்டார். அலவாங்கால் இடிக்க அவர் கையை ஓங்கியபோது ராக்காயி தடுத்தார். கல்லை உடைத்தால் திரும்ப வைக்கக் கல் இல்லை. மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக, நடுவில் இருந்த சாந்தைக் கத்தியால் சுரண்டி, குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துக் கீழே அடுக்கினார்கள். இரண்டாம் நாள் பின்சுவரின் வலப்பக்கம் நாலு வரிசை சரிந்தது. அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று மீனம்மா பிறகு சொன்னாள். சரிந்த மண்ணையே நனைத்து மறுபடியும் அரிந்தார்கள். தண்ணீர் போதவில்லை. அழகம்மா தன் கிணற்றடியில் குளிக்க வந்தவர்களைத் துரத்திவிட்டு வாளி வாளியாகக் கொடுத்தார்.

புரட்டாதி கடைசி நாள் காலை நான் சங்கத்துக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டிய பத்திரத்தோடு போனேன். முன்சுவரும் பக்கச் சுவர்களும் முடிந்திருந்தன. பின்சுவரில் யன்னல் நிலைக்கு மேல் மூன்று வரிசை குறைவாக இருந்தது. பத்திரத்தில் ஒரே கேள்வி: சுவர்கள் வளை மட்டத்துக்கு வந்துவிட்டனவா?

“இல்லைன்னு எழுதுங்க சார், பொய் வேணாம்” என்றார் மாயாண்டி. மூன்று நாள் தாடி. கண் சிவந்திருந்தது.

“இண்டைக்குத்தானே கடைசி நாள். இன்னும் நாள் முடியேல்லை” என்று சொல்லிவிட்டு நான் வேப்பமர நிழலில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

 மாயாண்டி சுவரில் ஏறினார். ராக்காயி சாந்து குழைத்தார். அப்புத்துரை தூக்குக்குண்டைப் பிடித்தார். அழகம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து கல் தூக்கினார். “எனக்குப் பெட்டி வூடு இருக்கு. எனக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?” என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தடவை சொன்னார். எனக்கு மூன்று தரம் தேத்தண்ணி வந்தது. கடைசிக் கல்லை வைத்தபோது வெயில் சாய்ந்து யன்னல் இடைவெளியால் உள்ளே விழுந்திருந்தது. பத்திரத்தில் “ஆம்” என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு நேரத்தையும் எழுதினேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம்.

ஆனால் காரியம் அவர்கள் போட்ட கணக்குப்படி நடக்கவில்லை. மரமும் தகடும் வந்து சேர எட்டு நாள் ஆயின. அதற்குள் மழை தொடங்கிவிட்டது. சுவர்த் தலைக்குக் கிடுகு போட்டு மூடிக் காப்பாற்றினார்கள். கொட்டிலோ பின்பக்கம் சாய்ந்தேவிட்டது. அந்த மழையிலேயே மீனம்மாவுக்கு ஒரு கிழமை முன்னதாக நோவு கண்டது. ராக்காயி யோசிக்கவேயில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அழகம்மாவின் பெட்டி வீட்டுக்குள் போனார். மருத்துவிச்சியும் அங்கேதான் வந்தார். பெண் பிள்ளை. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாமல், காய்ந்த தரையில், வெள்ளைச் சுவருக்குள் பிறந்தது.

“எவ்வளவு வீராப்பு. கடைசியில எங்க வந்து பொறந்தா பாத்தியா?” என்றார் அழகம்மா.

“ஒன் வூடு நல்ல வூடுதான்டி. நான் எப்ப இல்லன்னேன்?” என்றார் ராக்காயி.

அழகம்மா அந்தப் பிள்ளையை இன்றுவரை “பெட்டிக்காரி” என்றுதான் கூப்பிடுகிறார்.

கார்த்திகையில் பால் காய்ச்சி வீடு புகுந்தார்கள். முகட்டு வளையில் தொட்டில் தொங்கியது. பின்யன்னலுக்குக் கதவு இன்னும் செய்யவில்லை, சாக்குத்தான் கட்டியிருந்தது. ராக்காயி வந்தவர்களையெல்லாம் அந்த யன்னலடிக்குக் கூட்டிப்போய், சாக்கைத் தூக்கி, வெளியே பார்க்கச் சொன்னார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. நனைந்த பாலை மரங்களும் சேறும். எல்லோரும் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்கள்.

அதன் பிறகு அவர் அந்த வீட்டைச் சும்மா இருக்க விடவேயில்லை. ஒரு வருடம் சுவரில் விளக்கு மாடம் குடைந்தார். மறு வருடம் குசினி இறக்கினார். அடுப்புக் கிழக்கே இருந்து வடக்கே போய், புகை சரியில்லை என்று மறுபடியும் கிழக்கே வந்தது. அழகம்மாவின் வளவோடு எல்லையில் எழுப்பிய மண்சுவரில் ஒரு சின்ன வாசல் திறந்தார். ரோட்டால் சுற்றாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரலாம். இருவருக்கும் சண்டை வந்தால் ராக்காயி அந்த வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார். சமாதானமானால் எடுத்துவிடுவார். ஐந்து தடவையாவது இது நடந்திருக்கும். மண் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்ததால் அந்த இடம் மட்டும் பல நிறத்தில் இருக்கும். “அது ஒரு வேல மெனக்கெட்ட கழுத” என்பார் மாயாண்டி. சொல்லிக்கொண்டே சாந்து குழைப்பார்.

இடையில் இரண்டு தடவை எல்லோரும் வெள்ளைமடுவை விட்டு ஓடினோம், திரும்பி வந்தோம். அதை இங்கே எழுத மனமில்லை. ஒரு தடவை திரும்பியபோது ராக்காயியின் வீட்டில் தகடு ஒன்றும் இல்லை; சுவர் மழையில் பாதி கரைந்திருந்தது. அழகம்மாவின் வீட்டில் இரும்புச் சட்டமும் கூரையும் அசையாமல் நின்றன. சுவர்த் தகடுகள்தான் ஊறிப் பொருமியிருந்தன. இரண்டு குடும்பமும் ஒரு வருடம் அந்த இரும்புக் கூரையின் கீழ் இருந்தார்கள். பொருமிய தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்தில் ராக்காயியின் அச்சில் அரிந்த கல்லை வைத்தார்கள். சங்கத்தின் ஒப்பந்தத்தை யாரும் நினைக்கவில்லை; சங்கமே அப்போது இல்லை. எது நல்ல வீடு என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ராக்காயிக்கு எது நல்ல வீடு என்பது மட்டும் தெரியும்.

இந்தத் தை மாதம் அழகம்மாவின் ஆடு வந்து ராக்காயியின் முருங்கைக் கன்றுகளைத் தின்றுவிட்டது. வாசல் அடைபட்டது. அடுத்த மாதம் காய்ச்சல் வந்தது. செய்தி கேட்ட அழகம்மா ரோட்டால் சுற்றி ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“சுத்தியா வந்த?” என்று ராக்காயி படுக்கையிலிருந்து கேட்டார்.

“பின்ன பறந்தா வருவேன்? நீதான் செவுத்த வச்சுட்டியே.”

ராக்காயிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. “ஏங்க, அத எடுத்து வுடுங்க” என்றார் மாயாண்டியிடம். மாயாண்டி விடியட்டும் என்றார். விடிந்தபோது காய்ச்சல் கூடியிருந்தது. அதற்கு மறுநாள் முடிந்துவிட்டது. பின்யன்னல் திறந்திருந்தது. அந்த அறையில் நல்ல காற்று இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நான் போனேன். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு மாயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த எல்லைச் சுவரடிக்குப் போனார். கையில் கத்தி. மேல்வரிசைச் சாந்தைச் சுரண்டி, முதல் கல்லை அசைத்து, உடையாமல் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கீழே வைத்தேன். அடுத்ததையும் வாங்கினேன்.

நாலாவது கல்லை எடுத்ததும் மறுபக்கத்தால் அழகம்மாவின் குரல் கேட்டது.

“மெதுவா எடுங்கண்ணே. இந்தப் பக்கம் கோழி அடை படுத்திருக்கு.”

“கோழிய அங்க யாரு வைக்கச் சொன்னா?” என்றார் மாயாண்டி.

“அடச்சுட்டீங்கல்ல, இனித் தொறக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“தள்ளி வை” என்று சொல்லிவிட்டு, அழகம்மா கோழியைத் தூக்கி வைக்கும் வரைக்கும் மாயாண்டி கையை எடுத்துக்கொண்டு காத்து நின்றார்.